கடைசிப் பக்கம்

ஓர் அறை இருக்கிறது. அதில் இருபது பேர்தான் நிற்கலாம். வெளியே லட்சம் பேர் வரிசையில் நிற்கிறார்கள். அந்த லட்சத்தில் மிக உயரமான இருபது பேர் யார் என்று சொல்ல வேண்டும். எல்லோரையும் உயரவாரியாக நிறுத்திப் பார்க்க மைதானம் கிடையாது, அந்த ஒரே அறைதான். எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? ஷீபா இதைத் தன் மகள் பெனினாவிடம் கேட்டபோது அவள் தோசையைப் பிய்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: முதலில் வருகிற இருபது பேரை உள்ளே விட்டுவிட வேண்டும். அடுத்து வருகிற ஒவ்வொருவரையும் உள்ளே இருப்பவர்களில் குள்ளமானவரோடு மட்டும் நிறுத்திப் பார்க்க வேண்டும். வந்தவர் உயரம் என்றால் குள்ளமானவர் வெளியே, வந்தவர் உள்ளே. இல்லையென்றால் வந்தவர் வந்த வழியே போகலாம். வரிசை தீரும்போது உள்ளே நிற்பவர்கள்தான் விடை. நாலாம் வகுப்புப் பிள்ளை. ஷீபாவுக்குப் பெருமையாக இருந்தது, ஏனென்றால் அவளுடைய பிழைப்பே அந்த விடைதான். தட்டு காலியான பிறகு பெனினா ஒன்று கேட்டாள்: "அம்மா, கடைசி இருபது பேரு யாருன்னு கேட்டா?" ஷீபா சிரித்தாள். "அதை யாரும் கேக்க மாட்டாங்க மக்களே."

யாரும் கேட்க மாட்டார்கள். இந்தச் சனிக்கிழமை பிற்பகலில், சாப்பாட்டு மேசையைத் துடைத்து அந்த ஈரம் காய்வதற்குள் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, அவள் அந்தச் சொற்களையே திரும்பத் திரும்ப மென்றுகொண்டிருந்தாள். விரல்களில் சாளைமீன் குழம்பு வாசனை இன்னும் போகவில்லை. திரையில் ஒரு பச்சைக் கோடு, சர்வரில் எவ்வளவு மெமரி செலவாகிறது என்பதைக் காட்டும் கோடு, குளத்துத் தண்ணீர் மாதிரி அசையாமல் கிடந்தது. அவள் வேலை பார்க்கும் நிறுவனம் வாடகை வீடு தேடித் தரும் தளம் ஒன்றை நடத்துகிறது. இரண்டு படுக்கையறை வேண்டும், புதிதாக வந்த விளம்பரம் முதலில் வேண்டும் என்று யாரோ கேட்டால், சர்வர் லட்சக்கணக்கான வீடுகளை வாசலில் வரவழைத்து இருபதை மட்டும் உள்ளே நிறுத்தி அனுப்பும். முதல் பக்கத்துக்கு இருபது. இரண்டாம் பக்கம் கேட்டால் நாற்பதை உள்ளே வைத்துக்கொண்டு முதல் இருபதைக் கழிக்க வேண்டும். இப்படியே போய் கடைசிப் பக்கத்தைக் கேட்டால் அத்தனை வீட்டையும் உள்ளே நிறுத்தியாக வேண்டும், கடைசி இருபதைக் காட்டுவதற்காக. அறை உப்பும், சுவர் விரியும், மூச்சு முட்டி சர்வர் விழும். மூன்று வாரமாக, பிள்ளைகள் பள்ளி விட்டு வந்த பிறகோ இப்படி விடுமுறைப் பிற்பகலிலோ, யாரோ அந்தக் கடைசிப் பக்கத்தைக் கேட்கிறார்கள். ஒரு முறை அல்ல. விழுந்து எழுந்ததும் மறுபடி கேட்கிறார்கள். பொறுமையாக, கோபமில்லாமல், கதவைத் தட்டிவிட்டுக் காத்திருந்து மறுபடி தட்டுகிற ஆளைப் போல.

யார் என்று தெரியாதவரை அது ஒரு வேலை. நேற்றுச் சாயங்காலம் அது வேலையாக இல்லாமல் போயிற்று. ஒவ்வொரு வீட்டு இணைய இணைப்புக்கும் ஓர் எண் உண்டு. சர்வர் விழுவதற்குச் சற்று முன் வந்த கோரிக்கையின் எண்ணைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் திரையைச் சாத்தினாள். அந்த எண் அவளுக்கு மனப்பாடம், அவள் கையாலேயே தட்டி அலுவலகத்துக்குக் கொடுத்த எண். வெளியாட்கள் யாரும் நூறாம் பக்கத்துக்கு மேல் போக முடியாது, காவல் நிரல் தடுத்துவிடும். வீட்டிலிருந்து வேலை செய்யும் ஊழியர்களின் எண்களை மட்டும் அது தடுக்காது. சோதனை செய்ய வேண்டியிருக்குமே, நம் ஆட்களை எதற்குத் தடுப்பது என்று கூட்டத்தில் சொன்னதே ஷீபாதான். நம் ஆட்கள். அப்போது எல்லோரும் தலையாட்டினார்கள். ஆக, கேட்பது இந்த வீட்டிலிருந்து. கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் நாலாவது மாடியில், இரண்டு படுக்கையறை, ஒரு பால்கனி உள்ள இந்த வீட்டிலிருந்து யாரோ வேறு வீடு தேடுகிறார்கள். இந்த வீட்டில் இருப்பது மூன்று பேர். அவள் தேடவில்லை.

பால்கனியில் வாளி இழுபடும் சத்தம். அவள் கணவன் ராபின்சன் துணி காயப்போடுகிறான். அவன் துணி காயப்போடுவது அவளுக்குத் தெரிந்த ராபின்சனின் பழக்கம் அல்ல, இந்தச் சில மாதப் பழக்கம். இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தனியாக இருக்கப் போகிறவன் பழகிக்கொள்கிறான். ஹாலில் படுக்கிறான், அறையில் ஃபேன் சத்தம் போடுகிறதாம். ஃபேன் கல்யாணமான நாளிலிருந்து அதே சத்தம்தான் போடுகிறது. பரணில் ஒரு சின்ன குக்கர் பெட்டி பிரிக்காமல் இருக்கிறது. ஒருவருக்குச் சோறு வடிக்கிற அளவு. பம்ப்செட் கம்பெனியில் ஆயுத பூஜைக்குக் கொடுத்தார்கள் என்றான், அதையும் அவளிடம் சொல்லவில்லை, "அம்மாட்ட சொல்லு" என்று பெனினாவிடம் சொன்னான். போன வருடம் அதே கம்பெனி எவர்சில்வர் டிபன் டப்பா கொடுத்தது. அதற்கு முந்தைய வருடம் போர்வை. ஒரு கம்பெனி குக்கர் கொடுக்காது என்று என்ன சட்டம்? ஆனால் இவ்வளவு சின்ன குக்கரா கொடுக்கும்? அவளுடைய மனசு அந்தக் குக்கரின் மூடியைத் திருகித் திருகிப் பார்த்தது. விசில் போட்டுப் பார்த்தது. ஏதோ ஒரு தெருவில், ஏதோ ஒரு ஒற்றை அறையில் அது கூவுவதும் அவன் ஓடிப்போய் அடுப்பை அணைப்பதும் தெரிந்தது. போன் வந்தால் மாடிப்படிக்குப் போய்ப் பேசுகிறான். சிக்னல் கிடைக்கவில்லையாம். சிக்னலுக்கு என்ன, இந்த வீட்டில் அவனுக்கு மட்டும் கிடைக்காதா?

பச்சைக் கோடு அசையவில்லை. போன் அதிர்ந்தது. நாசர். பொள்ளாச்சிக்காரன், அவளுக்கு அடுத்த இடத்தில் இருப்பவன், சர்வர் விழுந்தால் அவளுக்கு முன்னால் எழுந்திருப்பவன். சாப்பிட்டாச்சா என்று கேட்டான், என்ன குழம்பு என்று கேட்டான், மீன் என்றதும் தனக்கு மூன்று நாளாகப் பருப்புதான் என்று அலுத்துக்கொண்டான். இவ்வளவு சுற்றி வந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது. "அக்கா, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்கக் கூடாதுங்க. இது போட்டிக் கம்பெனிக்காரன் இல்லீங்க. நம்ம ஆளுங்க வீட்ல இருந்துதான் வருது." எப்படித் தெரியும் என்றாள். வெளியாள் நூறு பக்கத்துக்கு மேல் போக முடியாதே, யோசித்துப் பார்த்தேன் என்றான். ஊழியர்களின் எண்களை ஒவ்வொன்றாக ஒத்துப் பார்க்கப் போகிறானாம். இருட்டுவதற்குள் ஆள் தெரிந்துவிடுமாம். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யலாம் என்றுதான் கூப்பிட்டானாம். அவள் சரி என்றாள். வைத்த பிறகு அந்த 'ஒரு வார்த்தை' முள்ளாகச் சிக்கிக்கொண்டது. ஏன் கேட்க வேண்டும்? அவன் எதையும் கேட்டுச் செய்கிறவன் அல்ல. ஏற்கெனவே பார்த்துவிட்டானா? பார்த்துவிட்டு, அவளாகவே சொல்லட்டும் என்று கயிற்றை நீட்டிக் கொடுக்கிறானா? பருப்பும் மீனும் அதற்குத்தானா? திங்கட்கிழமை அலுவலகத்தில் டீ மெஷின் பக்கத்தில் இரண்டு பேர் பேச்சை நிறுத்துவார்கள். ஷீபா மேடம் வீட்டில் யாரோ வீடு தேடுகிறார்களாம். வேலையில் என்ன சொல்வார்கள் என்பதுகூடப் பெரிதில்லை, அதற்கு ஒரு மன்னிப்பு, ஒரு திருத்தம், முடிந்துவிடும். இங்கே, இந்த மேசையில், மூன்று தட்டு இரண்டு தட்டாவதுதான். அது எந்தத் திருத்தத்தில் முடியும்? பெனினா எந்த வீட்டில் தூங்குவாள்?

அவனிடமே நேராகக் கேட்டால் என்ன. நீங்க வீடு தேடுறீங்களா. மூன்று சொல். ஒரு வருடமாக அவனிடம் மூன்று சொல் சேர்த்துப் பேசியதில்லை. சண்டை என்று ஒன்று நடக்கவே இல்லை என்பதுதான் கொடுமை, நடந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்திருக்கலாம். போன வருடம் நாகர்கோவிலில், இறந்துபோன அவன் அம்மாவை முன்னறையில் கிடத்தியிருந்தார்கள். பாஸ்டர் ஜெபம் தொடங்கியிருந்தார். மல்லிகையும் ஊதுவத்தியும் ஈரச் சேலைகளும் கலந்த காற்று, பிளாஸ்டிக் நாற்காலிகள் சிமெண்டில் உரசும் சத்தம், அதற்கு நடுவில் அவள் இடுப்பில் செருகியிருந்த போன் துடித்துக்கொண்டே இருந்தது. சர்வர் விழுந்துவிட்டது. அன்றைக்கு வேறு யாரும் இல்லை, நாசர் வேலைக்குச் சேர்ந்திருக்கவில்லை. அவள் அடுக்களைக்குப் பின்னால் தேங்காய் போட்டிருந்த அறைக்குப் போய், மட்டைகளுக்கு மேல் மடிக்கணினியை வைத்து, நின்றபடி தட்டினாள். கொஞ்ச நேரம்தான் என்று நினைத்தாள். தலை நிமிர்ந்தபோது நிலைப்படியில் ராபின்சன் நின்றான். எடுக்கப் போகிறார்கள் என்று சொல்ல வந்திருப்பான். சொல்லவில்லை. திரையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், போய்விட்டான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவன் கோபப்படவில்லை, அழவில்லை, உப்பு கேட்கவில்லை. அன்றைக்கும் சர்வர் விழுந்தது இதே காரணத்தால்தானோ? அன்றைக்கும் யாரோ கடைசிப் பக்கத்தைக் கேட்டார்களோ? இல்லை, அன்றைக்கு டிஸ்க் நிரம்பிவிட்டது. நன்றாக நினைவிருக்கிறது. சவப்பெட்டியின் மூடியை எந்தப் பக்கத்திலிருந்து மூடினார்கள் என்று நினைவில்லை, டிஸ்க் நிரம்பியது நினைவிருக்கிறது. இதை யாரிடம் சொல்வது. தன் அக்காவிடம் ஒருநாள் சொன்னாள், குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, போனை வாயோடு ஒட்டிவைத்து. குழாய்ச் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது.

கோடு எழுந்தது.

முதலில் ஒரு சின்னத் திமிறல், ரொட்டி மாவு உப்புவது மாதிரி. பிறகு நேராக மேலே. யாரோ இப்போது, இந்த நொடியில், கேட்டிருக்கிறார்கள். வாசலில் லட்சம் வீடுகள் முட்டி மோதி உள்ளே வருகின்றன. அவளுடைய கண் திரையை விட்டுத் துள்ளிப் பால்கனிக்குப் போயிற்று. ராபின்சன் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு படுக்கை விரிப்பைப் பிழிந்துகொண்டிருந்தான். இரண்டு கையாலும். முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. வாயில் இரண்டு கிளிப்புகளைக் கவ்வியிருந்தான். அவனுடைய போன் ஃபிரிட்ஜுக்கு மேலே, சார்ஜ் ஒயரில் தொங்கிக்கொண்டு, குப்புறக் கிடந்தது. அவள் எழுந்து போய் அதைத் தொட்டே பார்த்தாள். குளிர்ந்திருந்தது. அவன் இல்லை. அப்படியானால் அவன் இல்லை. ஏதோ ஒன்று அவள் விலாவுக்குள் அவிழ்ந்து இறங்கியது. அது முழுவதும் இறங்குவதற்குள் பாதியில் நின்றது. மூன்று பேர். அவள் இல்லை. அவன் இல்லை. அடுத்த அறையின் கதவு ஒருக்களித்திருந்தது.

பெனினா தரையில் குப்புறப் படுத்து, கால்களை ஆட்டிக்கொண்டு, ஆன்லைன் வகுப்புக் காலத்தில் வாங்கிய பழைய டேப்லெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. பக்க எண்களின் ஓரத்தில் இருக்கும் இரட்டை அம்புக்குறி, கடைசிப் பக்கத்துக்கு ஒரே தாவலாகப் போகும் குறி, இப்போதுதான் அழுத்தியதால் நீலமாக இருந்தது. ஷீபா பக்கத்தில் உட்கார்ந்தாள். என்ன பார்க்கிறாய் என்று கேட்டாள். வீடு என்றாள் பெனினா, கார்ட்டூன் என்று சொல்வதைப் போல. "இது எப்பவும் இங்க வந்தா நின்னுருது. ஒரே ஒரு தடவை வந்துச்சு. நான் முழுசாப் பாக்கறதுக்குள்ள போயிருச்சு." எதற்கு மக்களே கடைசிப் பக்கம், முதல் பக்கத்தில் எவ்வளவு நல்ல வீடுகள் இருக்கின்றன என்று கேட்டாள். கேட்கும்போதே அவளுக்குத் தன் குரல் பிடிக்கவில்லை, துப்புத் துலக்குகிற குரலாக இருந்தது. பெனினா விளக்கினாள், தோசைத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து விளக்கியதைப் போலவே. முன்னால் இருக்கிற வீட்டையெல்லாம் பெரியவங்க உடனே எடுத்துருவாங்க. கடைசில கிடக்கிறது யாருமே எடுக்காத வீடு. அந்த வீட்டுக்காரங்க கிட்டதான் கொஞ்சம் வேற மாதிரி கேக்கலாம். "என்ன வேற மாதிரி?" பெனினா காலை ஆட்டுவதை நிறுத்தினாள். வட்டத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீதானே பெரியம்மாட்ட சொன்ன, இனி ஒரே வீட்ல இருக்க முடியாதுன்னு. தண்ணி தொறந்து விட்டுட்டு."

அடுத்த வீட்டில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. ஷீபா அது நிற்கும்வரை காத்திருப்பவளைப் போல உட்கார்ந்திருந்தாள். மூன்று வாரமாக அவள் வரிசையில் ஒவ்வொருவரையாக நிறுத்தி அளந்தாள். போட்டிக்காரன், நாசர், ராபின்சன். ஹாலையும் ஃபேனையும் குக்கரையும் அளந்தாள். வாசலில் நின்று அளப்பவளை யார் அளப்பது? சொன்னது இவள். அந்தச் சொல் இந்த வீட்டுக் குழாயிலிருந்து புறப்பட்டு, இந்த அறைக்கு வந்து, இங்கிருந்து சர்வருக்குப் போய், அதைத் தள்ளி, அவளுடைய திரையில் கோடாக எழுந்திருக்கிறது. கோபத்தில் சொன்னேன் என்று சொல்லலாம். கோபத்தில் சொல்லவில்லை. தூக்கம் வராமல் களைத்துப்போய், அப்படிச் சொன்னால் எப்படி இருக்கிறது என்று பார்க்கச் சொன்னாள். எப்படி இருந்தது என்று இப்போது தெரிந்தது. அப்பாவிடம் சொன்னாயா என்று கேட்டாள். பெனினா தலையாட்டினாள், இல்லையென்று. வீடு கிடைத்த பிறகு சொல்லலாம் என்றிருந்தாளாம். அப்பா குக்கர் வாங்கிவிட்டார், அம்மாவிடம் பெரிய குக்கர் இருக்கிறது, வீடுதான் பாக்கியாம்.

மேசைமேல் போன் அதிர்ந்துகொண்டிருந்தது. நாசர்தான். மறுபடி விழுந்துவிட்டது, பட்டியலை எடுத்துவிட்டேன், தொடங்கட்டுமா என்றான். அவள் சொன்னாள்: "வேண்டாம் நாசர். எங்க வீட்டு எண்தான். நம்ம எண்களுக்கும் நூறு பக்கத்தோட கதவைப் போட்டுரு." அந்தப் பக்கம் கீபோர்டைத் தட்டும் சத்தம். அவனுக்கு முன்பே தெரியுமா தெரியாதா என்பதை அந்தச் சத்தத்திலிருந்து பிரித்தெடுக்க முடியுமா என்று அவளுடைய மனசு பழக்கதோஷத்தில் ஒரு அடி வைத்தது. நாசர், சரிங்க்கா, போட்டுர்றேன், மீனு மிச்சம் இருந்தா திங்கட்கிழமை எடுத்துட்டு வாங்க என்றான். வைத்துவிட்டான்.

கதவைப் போட்டுவிட்டால் பெனினாவால் இனி அந்தப் பக்கத்துக்குப் போக முடியாது. ஷீபா மடிக்கணினியை எடுத்துக்கொண்டு வந்து பிள்ளைக்குப் பக்கத்தில் தரையில் வைத்தாள். அன்றைக்குத் தோசைத் தட்டுக்கு முன்னால் சொல்லாமல் விட்ட விடை ஒன்று இருந்தது. கடைசி இருபது பேர் வேண்டுமென்றால் லட்சம் பேரையும் உள்ளே அடைக்க வேண்டியதில்லை. உள்ளே இருப்பவர்களில் உயரமானவரை வெளியே அனுப்பிக்கொண்டே இருந்தால் போதும். அறை அதே அறைதான். தளத்தில் 'பழையது முதலில்' என்று ஒரு வசதி கிடையாது, பழைய விளம்பரத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று வைக்காமல் விட்டார்கள். சர்வருக்கு நேராகக் கேட்க அவளால் முடியும். சர்வர் எழுந்து நிற்கும்வரை பொறுத்திருந்து, வரிசையைத் திருப்பிப் போட்டுக் கேட்டாள். கோடு அசையவே இல்லை. கண்ணை மூடித் திறப்பதற்குள் இருபது வீடுகள் வந்து நின்றன, பெயிண்ட் உரிந்தவை, படம் மங்கியவை, மாட்டுத்தொழுவத்தோடு சேர்த்து விளம்பரம் கொடுத்தவை. பெனினா முழங்கையை ஊன்றி எழுந்து, "வந்துருச்சு" என்றாள், மெதுவாக.

வாசலில் நிழல். ராபின்சன் காலி வாளியோடு நின்றான். நிலைப்படியில், அன்றைக்கு நின்ற அதே மாதிரி. திரையைப் பார்த்தான். வரிசையாக வாடகை வீடுகள். அவளைப் பார்த்தான். அவனுடைய முகத்தில் ஒவ்வொன்றாக ஏதோ அடுக்கப்படுவதை அவள் பார்த்தாள். தனக்குத் தெரிந்த அடுக்கல்தான், அவளுடைய அறைக்கதவு, அவளுடைய போன்கள், குளியலறைக் குழாய். அவனும் இவ்வளவு நாளாக அளந்துகொண்டிருந்திருக்கிறான். இந்த முறை அவன் போய்விடவில்லை. வாளியைக் கீழே வைத்தான்.

"வீடு பாக்குதியா?"

அவளிடம்தான் கேட்டான். பெனினா வழியாக அல்ல. அவள் வாயைத் திறப்பதற்குள் பெனினா முந்திக்கொண்டாள். "நான்தாம்ப்பா பாக்கறேன். அம்மா சும்மா தேடித் தந்துச்சு." அவன் உள்ளே வந்து, ஈரக் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு, மறுபக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். கிளிப்பின் அச்சு இன்னும் அவன் உதட்டில் இருந்தது. இரண்டு பேருக்கும் நடுவில் பிள்ளை, பிள்ளைக்கு முன்னால் இருபது வீடு. எந்த வீடு என்று கேட்டான். ஷீபா அவன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்ல வேண்டியது தேங்காய் போட்டிருந்த அறையிலிருந்து தொடங்கியது, அவ்வளவு பின்னாலிருந்து எதையும் தூக்கிக்கொண்டு வர முடியாது என்று தோன்றியது, இந்தக் கைலியின் ஈரத்திலிருந்து தொடங்கலாமோ என்றும் தோன்றியது.

பெனினா திரையில் விரலை ஓட்டினாள். மேலிருந்து கீழே ஒருமுறை, கீழிருந்து மேலே ஒருமுறை. பிறகு சிங்காநல்லூரில் ஒரு வீட்டைத் தொட்டாள். கீழே அடுக்களையோடு ஒரு பகுதி, மாடியில் அடுக்களையோடு ஒரு பகுதி, படிக்கட்டு வீட்டுக்குள்ளேயே இருந்தது.